நாற்பத்து மூன்று நாள் பரஸ்தானம்

கோகிலவாணி ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பியது ஆனி மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை எட்டே கால் மணிக்கு. கிளம்பியவள் தன் வீட்டிலிருந்து தென்மேற்கே பதினோரு வீடு தள்ளியிருந்த அர்த்தநாரி வீடு வரைக்கும் ஒரு ரெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, அதை அவர் கூடத்து மூலையில் ஒரு பலகை மேல் வைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அடுப்பில் இட்லி வெந்திருக்கும் என்று வேக வேகமாகத் திரும்பி வந்துவிட்டாள். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பயணம் போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், போகிற திசையில் இருக்கிற ஒருவர் வீட்டில், மாற்று உடையும் ஒரு கைப்பிடி அரிசியும் ஒரு விரலி மஞ்சளும் போட்ட பையை வைத்துவிட்டால் போதும், பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். புறப்படுகிற அன்றைக்குப் பையை அங்கிருந்து எடுத்துக்கொண்டு அப்படியே போக வேண்டியதுதான். பை வீட்டுக்குத் திரும்பினால் பயணம் ரத்து.

விமானம் கிடைத்ததோ ஆவணி எட்டாம் தேதி வியாழக்கிழமை. வியாழன் தெற்கே சூலம். ஆப்பிரிக்கா எவ்வளவு தூரமானாலும் எங்களுக்கு அது தெற்குப் பக்கம்தான். சரி, அதற்கு முந்தின வாரத்தில் பரஸ்தானம் வைக்கலாமா என்று பார்த்தால், ஒரு நாள் அஷ்டமி, ஒரு நாள் நவமி, ஒரு நாள் கரிநாள், ரெண்டே கால் நாள் நாச்சிமுத்துவுக்குச் சந்திராஷ்டமம். அதற்கு முன்னால் ஆடி. ஆடியில் யார் எதைத் தொடங்குவார்கள்? ஜோசியர் விரல்விட்டு எண்ணிப் பின்னாலேயே போய், ஆனி இருபத்தெட்டில் வந்து நின்றார். பரஸ்தானம் மூன்று நாள் தாங்கும், மிஞ்சினால் ஐந்து நாள் தாங்கும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் நாற்பத்து மூன்று நாளைக்கு ஒரு பையை வைக்கிறார்களே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எங்கள் லட்சணம் அப்படி.

கோகிலவாணியின் புருஷன் நாச்சிமுத்து கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். பையன் சென்னையில் வேலை, பெண் மிருதுளா கடைசி வருடம் படிக்கிறாள். பதினோரு வருடத்துக்கு முன்னால், மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, சுவரில் இருந்த டிவியில் கோகிலவாணி ஒரு ஊரைப் பார்த்தாள். அங்கே ஒரு நீர்யானை சாவகாசமாகக் கடைத்தெருவில் நடந்து வந்து, ஒரு கடைவாசலில் இருந்த புல்லை மேய்ந்தது; கடைக்கார அம்மாள் உள்ளே நின்று கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏரியும் சதுப்பும் மணல்மேடும் கடலும் ஒன்றாகக் கிடக்கிற அந்தப் பூங்காவை உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்திருக்கிறார்களாம். இசிமங்கலிசோ என்று அதன் பெயரை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வந்தாள். எங்களுக்கு அது வாயில் நுழையவில்லை, 'கோகிலா போற காடு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அந்த வருடம் மாமியாருக்கு இன்னொரு கண். அடுத்த வருடம் பையனுக்குப் பத்தாம் வகுப்பு. அதற்கடுத்த வருடம் மிருதுளா பெரியவளாகிச் சீர், அதற்கடுத்த வருடம் பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, அப்புறம் மாடி கட்டினார்கள், அப்புறம் மாமியார் தவறிப்போய் ஒரு வருடம் எங்கேயும் போகக் கூடாது, அப்புறம் கொரோனா வந்து உலகத்தில் யாரும் எங்கேயும் போகக் கூடாது, அப்புறம் நாச்சிமுத்துவுக்கு நாற்பது பஸ் ஆர்டர். ஒவ்வொரு வருடமும் அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு, இருநூறு பக்க நோட்டில் இன்னும் நான்கு பக்கம் எழுதினாள். நீர்யானை எந்நேரத்துக்குக் கரையேறும், ஏரிப் படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்காது, கடலாமை எந்த மாதம் முட்டையிட வரும், காட்டுக்குள் என்ன நிறத்தில் உடுத்தக் கூடாது, மலேரியா மாத்திரை எத்தனை நாள் முன்னால் தொடங்க வேண்டும், பருப்புப்பொடிக்கு விமானத்தில் தடை உண்டா. இந்த வருடம் பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது, நால்வருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. தக்காளித் தொக்குக்கு மட்டும் ஐந்து கிலோ பழம் வாங்கினாள்.

பை வைத்த ஆறாம் நாள் காலை, அர்த்தநாரி பல் துலக்கிக்கொண்டு புழக்கடைக்குப் போனபோது, முருங்கை மரத்தின் உச்சிக் கொழுந்தை ஒரு ஒட்டகச்சிவிங்கி தின்றுகொண்டிருந்தது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர், மனைவி இறந்து மூன்று வருடமாகத் தனியாக இருந்தார். உயரமான எதைப் பார்த்தாலும் முதலில் கம்பி படுகிறதா என்றுதான் பார்ப்பார். கம்பி படவில்லை. வாய் கொப்புளித்துவிட்டு, வீட்டுக்கு வந்தவர்களைக் கேட்கிற மாதிரி, "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். அது மெல்வதை நிறுத்தாமல் அவரைப் பார்த்தது.

மறுநாள் வரிக்குதிரைகள் வந்தன. அதற்கு மறுநாள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் ஐந்து நீர்யானைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தன. ஆடி முதல் வெள்ளியன்று காண்டாமிருகம் ஒன்று எங்கள் தெரு முழுவதையும் ஒரு தடவை நிதானமாக நடந்து பார்த்துவிட்டு ரேஷன் கடை வாசலில் படுத்துக்கொண்டது. யானை வந்தபோது மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, எங்களுக்கு யானை தெரியும். பிறகுதான் டீக்கடை துரைசாமி, "காது பாருங்க, மொறமாட்டம் இருக்குது, இது அந்தூரு யானை" என்றார், அப்புறம் எல்லோரும் போய்ப் பார்த்தோம்.

ஏன் வந்தன என்பதை அர்த்தநாரி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "கெளம்பிட்டேன்னு சொல்லியனுப்பிட்டு ஆளு போய்ச் சேருலீன்னா, அங்க இருக்கறவிய என்ன நெனப்பாங்க? என்னாச்சோ ஏதாச்சோன்னு பாக்க வந்திருக்குதுங்க, அவ்வளவுதான்." இதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன மாமனைத் தேடி நாங்களே பழனி வரைக்கும் போயிருக்கிறோம். ஆகவே வந்தவை எல்லாம் ஒறம்பரை என்று முடிவாயிற்று. ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் உறவுக்காரர்கள், விருந்தாளிகள். வந்தால் இலை போட வேண்டும், எப்போது போவீர்கள் என்று கேட்கக் கூடாது.

ஆடி மாதம் முழுக்க அப்படித்தான் நடந்தது. ஒட்டகச்சிவிங்கிக்காக மின்வாரியத்தில் சொல்லி மூன்று இடத்தில் கம்பியை உயர்த்திக் கட்டச் சொன்னோம், அர்த்தநாரியே கீழே நின்று வேலை வாங்கினார். ரேஷன் கடையில் காண்டாமிருகம் படுத்திருந்த இடத்தை விட்டு முன்னும் பின்னுமாக வரிசை நின்றது. அது எழுந்து வாய்க்காலுக்குப் போயிருந்த நேரத்திலும் அதன் இடத்தில் யாரும் நுழையவில்லை, நுழையப் பார்த்த ஒருவரை, "அங்க ஆளு இருக்குதுங்க" என்று பின்னால் அனுப்பினார்கள். நாச்சிமுத்து பட்டறையில், சீட் போடாத பஸ் கூடுகளுக்குள் வரிக்குதிரைகள் வெயிலுக்கு ஒதுங்கின, வெல்டிங் பொறி பறந்தால் கண்ணை மூடிக்கொள்ள ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டன. பெயிண்டர் அவற்றைப் பார்த்து ஒரு டவுன் பஸ்ஸுக்குக் கறுப்பு வெள்ளையில் வரி போட்டார், பஸ் முதலாளி திட்டிவிட்டு அழிக்கச் சொன்னார். ஆடிப் பதினெட்டன்று பெண்கள் முளைப்பாரி எடுத்துக்கொண்டு அமராவதி ஆற்றுக்குப் போனபோது, வாய்க்கால் வழியாக அங்கே வந்திருந்த நீர்யானைகள் படித்துறையை விட்டு நகர்ந்து இடம் கொடுத்தன. மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, காப்பரிசியில் ஒரு கைப்பிடியை அவற்றின் பக்கமாகவும் தூவிவிட்டு வந்தார்கள். சாணம் நிறையக் கிடைத்தது. எங்கள் தெருவில் அந்த வருடம் காய்த்த பூசணிக்காயை இருவர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது.

அர்த்தநாரி வீட்டுக்குத்தான் பெரிய மாற்றம். மூன்று வருடமாக ஒருவரும் எட்டிப் பார்க்காத வீடு, இப்போது விடிந்தால் கூட்டம். பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளைத் தேடி அம்மாக்கள் வந்தார்கள். அவர் ரெண்டு வேளையும் அடுப்பைப் பற்றவைத்தார், டீ போட்டார், சுண்டல் தாளித்தார், பேசினார், பேசிப் பேசித் தொண்டை கட்டி மிளகுப்பால் குடித்தார்.

கோகிலவாணி மட்டும் பார்க்கவில்லை. சந்தைக்குப் போகும்போது குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, தன் கால் பெருவிரலைப் பார்த்தபடியே நடந்தாள். ஒட்டகச்சிவிங்கியின் நான்கு கால் குடைக்கு அடியில் தெரிந்தால் சுற்றிக்கொண்டு போனாள். பட்டறைக்குச் சாப்பாடு கொண்டு போனால் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பினாள். மொட்டை மாடியில் துணி காயப்போட வடக்குப் பக்கம் பார்த்து நின்றாள். கரூரிலேயே, ஏன், சுற்றுப்பட்டு ஏழெட்டு ஊரிலேயே, அந்த ஆடியில் ஒரு வரிக்குதிரையைக்கூடப் பார்க்காதவள் அவள் ஒருத்திதான்.

"ஏனக்கா, உங்களத் தேடித்தானே வந்திருக்குதுங்க, ஒரெட்டு வந்து மூஞ்சியக் காட்டுனா என்ன?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

"நான் அங்க போயிப் பாத்துக்கறேன்" என்றாள்.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஊர் விட்டு ஊர் வந்து வாசலில் நிற்கிறதை விட்டுவிட்டு, இவள் கடல் தாண்டிப் போய்ப் பார்ப்பாளாம். அந்தச் சிரிப்புத்தான் மெல்ல மெல்லப் பேச்சாக மாறியது. முதலில் பையன் போன் செய்தான்: லீவு தரமாட்டேன் என்கிறார்கள், வீடியோவில் எல்லாம் பார்த்துவிட்டேன், அப்புறம் எதற்கு. பிறகு அவள் அண்ணன் வந்து ஒட்டகச்சிவிங்கியோடு போட்டோ எடுத்துக்கொண்டு, "இதுக்குப் போய் ஏரோப்ளேன்ல எதுக்கு ஒடம்ப வருத்திக்கறே" என்றார். ஆவணி பிறந்ததும் நாச்சிமுத்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

"அம்மிணி, டிக்கெட்டக் கேன்சல் பண்ணிரலாம்னு பாக்கறேன். அங்க இருக்கறதெல்லாம் இங்கயே இருக்குது. மாசக் கடைசிக்குள்ள நாலு வண்டி டெலிவரி வேற."

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் ஊற்றினாள். "உங்களுக்கும் தம்பிக்கும் கேன்சல் பண்ணிக்குங்க. நானும் மிருதுளாவும் போறோம்."

"போயி எதைப் பாக்கறது?"

"போறதப் பாக்கறது" என்றாள்.

நாச்சிமுத்து கெட்டவன் இல்லை. பெண்டாட்டி மேல் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, தீபாவளிக்குத் தவறாமல் பட்டுப்புடவை எடுத்துக் கொடுக்கிறவன். அவள் சொன்னது அவனுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். இருபத்தாறு வருடத்தில் அவள் சரிங்க என்று சொல்லாத முதல் பேச்சு அது என்பதும் உடனே உறைக்கவில்லை. ரெண்டாவது கவளத்தில்தான் உறைத்து, நிமிர்ந்து பார்த்தான். அவள் மோர் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

தெருவுக்கு விஷயம் வேறு விதமாக உறைத்தது. அவள் போவதென்றால் பையை எடுப்பாள்; பையை எடுத்தால் ஒறம்பரை எல்லாம் கிளம்பிவிடும். புதன்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் எல்லோரும் கூடினோம், கோகிலவாணியையும் கூப்பிட்டோம். அவள் குடையோடு வந்து, குடையைத் தாழ்த்திப் பிடித்தபடியே நின்றாள், ஏனென்றால் கோயில் வேப்பமரத்தடியில் வரிக்குதிரைகள் நின்றிருந்தன. விநாயகர் சதுர்த்தி வரைக்குமாவது பை இருக்கட்டும் என்றார் ஒருவர். கலெக்டர் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார் இன்னொருவர். பிள்ளைகள் ஏங்கிப்போகும் என்றார்கள். பூசணி இன்னும் ஒரு அறுவடை இருக்கிறது என்றார்கள். துரைசாமி நயமாகச் சொன்னார்:

"நீங்க விட்டுக் குடுத்தாத் தெருவே நல்லாருக்கும்ங்க. உங்களுக்கு விட்டுக் குடுக்கறது புதுசுங்களா?"

பாராட்டித்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தால் என் தலையை நானே தட்ட வேண்டும் போல இருக்கிறது, அன்றைக்கு ஆட்டினேன்.

கோகிலவாணி குடைக்குள்ளிருந்து பேசினாள். குரல் நடுங்கியது, ஆனால் கேட்டது. "நீங்க எல்லாரும் சந்தோசமா இருக்கறீங்க, எனக்குத் தெரியுதுங்க. நான் மிருகம் பாக்கோணும்னு மட்டும் ஆசப்படுலீங்க. ஏரோப்ளேன்ல ஏறோணும். எறங்கி ஒரு ஊர்ல நிக்கோணும், அங்க என்னைய யாருக்கும் தெரியக் கூடாது, யாரும் எங்கிட்டச் சோறு கேக்கக் கூடாது. பத்து நாளு. பதினோரு வருசமா அந்தப் பத்து நாளத்தான் கேட்டுக்கிட்டிருக்கறேன்."

நாச்சிமுத்து தரையைப் பார்த்தான். அப்போது அர்த்தநாரி எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கோயிலுக்கு எதிரிலேயே இருந்த தன் வீட்டுக்கு நடந்தார். இவர்தான் விடமாட்டார், இவருக்குத்தான் நஷ்டம் அதிகம் என்று நாங்கள் நினைத்தோம். உள்ளே போனவர் ரெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல்படியில் வைத்தார்.

"என்ற ஊட்டுக்காரிக்குக் கொல்லிமலை பாக்கோணும்னு ஆச" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல். "மழை பேஞ்ச மறுநாளு மொட்ட மாடீல நின்னா நீலமாத் தெரியும்ல, அதக் காட்டி, இங்கிருந்தே தெரியுதே, அங்க போயி என்ன பண்ணப்போறேன்னேன். முப்பத்தோரு வருசம் அதையே சொன்னேன். அவளும் மாடீல நின்னு பாத்துட்டே இருந்தா. இப்ப நான் ஒருத்தன் போயிப் பாத்து என்ன ஆவப்போவுது." பிறகு கோகிலவாணியிடம், "காத்தால எடுத்துக்கம்மா. எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். ஒன்றுமில்லை என்று சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, அதைத் துடைக்கவும் இல்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கார் வந்தது. மிருதுளா பெட்டிகளை ஏற்றினாள். கோகிலவாணி குடையைத் தாழ்த்திப் பிடித்து நடந்து போய், படியிலிருந்த பையை எடுத்தாள். முருங்கை மரத்தில் மெல்லுகிற சத்தம் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் சளசளவென்று கரையேறியது. கார் கோயம்புத்தூர் சாலைக்குத் திரும்பியபோது அதன் பின்னால் காண்டாமிருகம், அதன் பின்னால் வரிக்குதிரைகள், நீர்யானைகள், கடைசியில் காது பெரிய யானை, எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டகச்சிவிங்கியின் தலை, அவசரமில்லாமல், ஒருவரையொருவர் இடிக்காமல் போயின. நாங்கள் வழியனுப்புகிற மாதிரி கொஞ்ச தூரம் கூடவே நடந்தோம். அவள் பின்கண்ணாடி வழியே திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது இருந்தன, இறங்கும்போது கார் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தெரு பெரிதாகிவிட்டது போல இருந்தது. ரேஷன் கடையில் நாலு நாளைக்கு அந்த இடத்தை விட்டே வரிசை நின்றது. நாச்சிமுத்து ஹோட்டலில் சாப்பிட்டான், தொக்கு எந்த ஜாடியில் இருக்கிறது என்று தெரியாமல் பெண்ணுக்குப் போன் போட்டான், அவள் எடுக்கவில்லை. அர்த்தநாரி வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள் என்று நினைத்தோம், ஆனால் கால் பழகிவிட்டது, பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கேதான் போயின, சுண்டலும் இருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம், பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், நாச்சிமுத்துவின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. அவன் கத்தியதைக் கேட்டு அர்த்தநாரி, துரைசாமி, வெல்டர்கள், பெயிண்டர், நாங்கள் பெண்கள் எல்லோரும் ஓடிப்போய் ஒரு பஸ் கூட்டின் படிக்கட்டில் போனைச் சாத்தி வைத்துச் சுற்றி நின்றோம். அங்கே காலை ஒன்பது மணி. பின்னால் பெரிய ஏரி, அந்தப் பக்கம் நாணல், காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நம்ம நீர்யானைங்க வந்து சேந்துருச்சுங்களா?" "அந்தக் காண்டாமிருகம் எளச்சுப்போச்சா பாருங்க!" "ஒட்டகச்சிவிங்கியக் காட்டுங்க, மிருதுளாகிட்டச் சொல்லிப் போனத் திருப்பச் சொல்லுங்க!" ஆளாளுக்குக் கத்தினோம்.

கோகிலவாணி போனைத் திருப்பவில்லை. "எல்லாம் இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்க" என்றாள். "மிருகத்தத்தான் நீங்க நாப்பது நாளாப் பாத்துட்டீங்கல்ல? இப்ப என்னையப் பாருங்க."

பார்த்தோம். வேறு வழியில்லாமல், எல்லோரும் சேர்ந்து, வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தோம். கொண்டை போடாத முடி காற்றில் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, அவள் ஒதுக்கவில்லை. எங்களைப் பார்த்து, அல்லது எங்களைச் சுத்தமாக மறந்துவிட்டு, அவள் சிரித்தாள். வாய் பொத்தாமல், புடவைத் தலைப்பை உதட்டுக்குக் கொண்டுபோகாமல், பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள். அப்போது இடது கன்னத்தில் ஆழமாக ஒரு குழி விழுந்தது.

நாச்சிமுத்து போனுக்கு அருகே குனிந்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "ஏனுங்க, அவளுக்கு அங்க குழி விழுகுமா?"

ஒரே தெருவில் இருபத்தாறு வருடம் இருந்தோம். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.